ஜீப்புக்குள் காற்று கம்ப்ரஸர்: வயரிங் செய்வோருக்கு 32 குறிப்புகள்

தார் ரோட்டை விட்டு மணலிலோ சேற்றிலோ இறங்கும் வண்டிக்கு முதல் வேலை டயரில் காற்றைக் குறைப்பது. 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் காற்றை மணலில் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால், டயர் அகலமாகப் படிந்து புதையாமல் நகரும். ஆனால் அதே குறைந்த காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போகக் கூடாது. டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். ஆகவே ரோடு ஏறுமுன் நான்கு டயருக்கும் காற்று பிடித்தாக வேண்டும். அந்த இடத்தில் பஞ்சர் கடை இருக்காது. இதற்காகத்தான் மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா, மாருதி ஜிம்னி போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் பானெட்டுக்குள்ளேயே 12 வோல்ட் கம்ப்ரஸரை நிரந்தரமாகப் பொருத்திக்கொள்கிறார்கள்.

கம்ப்ரஸருக்குத் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, வயரிலும் ஃப்யூஸிலும் மிச்சம் பிடிப்பவர்கள் பலர். ஒரு ஹெட்லைட் பல்பு 5 ஆம்பியருக்குள் எடுக்கும். ஒற்றை மோட்டார் கம்ப்ரஸரே 20 முதல் 30 ஆம்பியர் இழுக்கும். இவ்வளவு கரண்ட் ஓடும் வயரில் செய்யும் சிறு அலட்சியம் வண்டியையே கொளுத்திவிடும். தடித்த குட்டை வயர், பேட்டரியை ஒட்டிய ஃப்யூஸ், சுத்தமான எர்த் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால், நடுத்தர விலைக் கம்ப்ரஸர்கூட வருடக்கணக்கில் உழைக்கும். கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் அந்த மூன்றையும் சரியாகச் செய்வதற்குத்தான்.

வாங்கும் முன்

1. எதற்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். டயருக்குக் காற்று பிடிக்க மட்டும் என்றால் ஒற்றை மோட்டார் போதும். 33 அங்குலம் போன்ற பெரிய டயர் என்றாலோ, கூட்டமாகப் போகும்போது மற்ற வண்டிகளுக்கும் காற்று பிடிப்பீர்கள் என்றாலோ இரட்டை மோட்டார் வாங்கலாம். ஏஆர்பி ஏர் லாக்கர் போன்ற டிஃபரன்ஷியல் பூட்டுகள் காற்றழுத்தத்தால் இயங்குபவை. அவற்றுக்குக் கம்ப்ரஸர் கட்டாயம். தாரின் சில ரகங்களில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியலுக்குக் காற்று தேவையே இல்லை.

2. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பிஎஸ்ஐயைப் பார்த்து வாங்காதீர்கள். 150 பிஎஸ்ஐ என்பது அது எட்டக்கூடிய உச்ச அழுத்தம் மட்டுமே. உங்கள் டயருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தேவை. 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தரும் என்று கேளுங்கள். டயர் எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்பதைச் சொல்வது அந்த எண்தான்.

3. அதிகபட்ச ஆம்பியர் எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மோட்டாருக்கு 20 முதல் 30, இரட்டைக்கு 50 முதல் 70 வரை இருக்கும். வயரின் தடிமன், ஃப்யூஸ், ரிலே மூன்றையும் தீர்மானிப்பது இந்த ஒரு எண்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் வயர் கடைக்குப் போக வேண்டாம்.

4. ஓட்ட விகிதத்தை (டியூட்டி சைக்கிள்) கேட்டு வாங்குங்கள். "100 பிஎஸ்ஐயில் 33 சதவீதம்" என்று போட்டிருந்தால், அந்த அழுத்தத்தில் 10 நிமிடம் ஓடினால் 20 நிமிடம் ஆற வேண்டும் என்று பொருள். டயருக்கு 30 பிஎஸ்ஐதான் என்பதால் சுமை குறைவு; கூடுதல் நேரம் ஓடும். ஆனாலும் சூடு மிஞ்சினால் தானாக நின்றுவிடும் தெர்மல் கட்-அவுட் உள்ளதையே வாங்குங்கள்.

5. லடாக் போன்ற உயரமான இடங்களுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கர்துங் லா கணவாயில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கம்ப்ரஸர் உள்ளிழுக்கும் காற்றும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். சென்னையில் 4 நிமிடத்தில் நிரம்பும் டயருக்கு அங்கே அதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள்.

பொருத்தும் இடம்

6. பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். தூரம் குறைந்தால் வயர் குறையும், வோல்டேஜ் இழப்பும் குறையும். அதே சமயம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ, ரேடியேட்டர் ஃபேன் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்து அந்த இடத்தில் கை வைத்துப் பாருங்கள். கை பொறுக்க முடியாத சூடு என்றால் வேறு இடம் பாருங்கள்.

7. காற்றை உள்ளிழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். தார் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று மஹிந்திரா சொல்கிறது. கம்ப்ரஸரின் காற்று வடிகட்டி அதற்குக் கீழே இருந்தால் ஓடையைக் கடக்கும்போது உள்ளே தண்ணீர் ஏறும். கம்ப்ரஸரைத் தாழ்வாக வைக்க நேர்ந்தால், வடிகட்டியை மட்டும் ஹோஸ் போட்டு, இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள ஃபயர்வாலின் மேல் பகுதிக்குக் கொண்டுபோய்விடலாம்.

8. பிராக்கெட்டை மெல்லிய தகரத்தில் அடிக்காதீர்கள். குறைந்தது 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையில் செய்து, ரப்பர் புஷ் வைத்து, நைலாக் நட்டு போட்டு இறுக்குங்கள். சாதாரண நட்டு கற்பாதையில் நான்கு நாள் ஓடினாலே தளர்ந்துவிடும்.

9. கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் முதல் துண்டு ஹோஸ் எஃகு வலை பின்னியதாகவே இருக்கட்டும். அமுக்கப்பட்ட காற்று கொதிக்கக் கொதிக்கத்தான் வெளியே வரும். நைலான் குழாயையோ சாதாரண ரப்பர் குழாயையோ நேராகச் செருகினால் இளகிப் பிய்த்துக்கொள்ளும். அந்த எஃகு ஹோஸைக் கடந்த பிறகு நைலான் குழாய் போடலாம்.

வயர்

10. சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். அதன் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர்தான். ஃப்யூஸ் எரிகிறதே என்று பெரியதாக மாற்றினால், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் மெல்லிய வயர் சூடேறும். அது கண்ணிலும் படாது, தீப்பிடித்தால் கைக்கும் எட்டாது. பெரிய கம்ப்ரஸருக்கு நேராகப் பேட்டரியிலிருந்துதான் வயர் இழுக்க வேண்டும்.

11. வயரின் தடிமனைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். போக 2 மீட்டர், வர 2 மீட்டர், மொத்தம் 4 மீட்டர் வயர், 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் சுமார் 0.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.35, 10 சதுர மில்லிமீட்டரில் 0.2 வோல்ட் போகும். 12 வோல்ட்டில் 3 சதவீதம், அதாவது 0.36 வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. ஆகவே ஒற்றை மோட்டாருக்கு 6 போதும், 10 சிறப்பு. 60 ஆம்பியர் இழுக்கும் இரட்டை மோட்டாருக்கு 16 போடுங்கள்.

12. வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் மெதுவாகச் சுற்றும், டயர் நிரம்ப அதிக நேரம் ஆகும், அதற்குள் கம்ப்ரஸர் சூடேறிக் கட் ஆகிவிடும். "கம்ப்ரஸர் சரியில்லை, அடிக்கடி நின்றுவிடுகிறது" என்று கடைக்குத் திரும்பி வரும் பலவற்றில் குறை இயந்திரத்தில் இருப்பதில்லை, ஒல்லியான வயரில்தான் இருக்கிறது.

13. செம்புதானா என்று சோதித்து வாங்குங்கள். அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சு கொடுத்த வயர், கார் ஆடியோ கிட்டுகளில் மலிவாகக் கிடைக்கிறது. தடிமன் அதே என்றாலும் அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு வரும். வயர் நுனியில் ஒரு இழையைப் பிரித்து, பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தால் அது அலுமினியம், வேண்டாம். மேலே வெள்ளையாக இருந்து சுரண்டியதும் உள்ளே சிவப்பு தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய அசல் செம்பு. உப்புக் காற்று அடிக்கும் கடலோர ஊர்க்காரர்களுக்கு அதுதான் மிகவும் ஏற்றது.

14. வீட்டு வயரிங்கில் மிச்சமான வயரைப் போடாதீர்கள். சாதாரண வீட்டு வயரின் பிவிசி உறை 70 டிகிரி சூட்டுக்குத்தான் செய்யப்பட்டது. பானெட்டுக்குள் அதைவிடச் சூடு வரும். ஆயிலும் டீசலும் படும். சூடு தாங்கும் உறையும், மெல்லிய இழைகள் நிறையவும் உள்ள ஆட்டோ கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். இழை அதிகமாக இருந்தால்தான் அதிர்வில் முறியாது.

15. வயர் நுனியில் மாட்டும் லக்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்காதீர்கள். சுத்தியலால் தட்டவும் வேண்டாம். வயர் அளவுக்கேற்ற அச்சு உள்ள கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். லக்கின் குழல் நீளத்துக்கு மட்டும் உறையைச் சீவுங்கள்; ஓர் இழைகூட அறுபடக் கூடாது. எல்லா இழைகளும் குழலுக்குள் போய் அடைத்துக்கொள்ள வேண்டும். அழுத்திய பிறகு லக்கை ஒரு கையிலும் வயரை மறுகையிலும் பிடித்து பலமாக இழுங்கள். அசையாமல் இருந்தால்தான் அது இணைப்பு. மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினால் தண்ணீர் உள்ளே போகாது. கிரிம்ப் செய்யாமல் ஈயப் பற்று மட்டும் வைத்த இணைப்பு, அதிர்வில் பற்று முடியும் இடத்தில் முறிந்துவிடும்.

16. வயர் போகும் வழியை முதலில் ஒரு கயிற்றால் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் ராடு, வைப்பர் இணைப்பு, பானெட் கீல், எக்ஸாஸ்ட் எதையும் தொடக் கூடாது. வயர் முழுவதற்கும் நெளிவுக் குழாய் மாட்டி, ஒரு முழத்துக்கு ஒரு டை போட்டுக் கட்டுங்கள். உள்ளே வரும் சுவிட்ச் வயரை ஃபயர்வாலில் ஏற்கெனவே உள்ள ரப்பர் கிராமட் வழியாகவே எடுங்கள். புதிதாக ஓட்டை போட்டால் விளிம்பை ராவி, பெயின்ட் அடித்து, கிராமட் போட்ட பிறகே வயரை நுழைக்க வேண்டும். தகரத்தின் விளிம்பு சில மாதங்களிலேயே உறையை அறுத்துவிடும்.

ஃப்யூஸ்

17. ஃப்யூஸைப் பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃப்யூஸ் காப்பாற்றுவது கம்ப்ரஸரை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையில் உள்ள துண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அந்தத் துண்டு உரசிப் பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். சில நொடிகளில் உறை பற்றிக்கொள்ளும். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்து, பேட்டரிப் பக்கம் மொத்த வயரையும் காவலில்லாமல் விடுவது மிக ஆபத்தான தவறு.

18. ஃப்யூஸ் அளவு கம்ப்ரஸரின் அதிகபட்ச ஆம்பியரைவிடச் சற்று அதிகமாகவும், வயர் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 30 ஆம்பியர் கம்ப்ரஸர், 6 அல்லது 10 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் 40 ஆம்பியர் ஃப்யூஸ் பொருந்தும். கம்ப்ரஸரோடு வந்த கையேட்டில் ஓர் அளவு சொல்லியிருந்தால் அதையே போடுங்கள்.

19. 20 ஆம்பியரைத் தாண்டிவிட்டால் சின்ன பிளேடு ஃப்யூஸுக்கான மலிவு ஹோல்டர்களை நம்ப வேண்டாம். உள்ளே உள்ள கிளிப் சூடேறி பிளாஸ்டிக் இளகிவிடும், ஆனால் ஃப்யூஸ் எரியாது. மேக்ஸி ஃப்யூஸ், அல்லது இரண்டு போல்ட்டால் இறுக்கும் மிடி ஃப்யூஸ் போடுங்கள். தண்ணீர் புகாத மூடி இருக்கட்டும். தானாகவே திரும்ப இணைந்துகொள்ளும் சர்க்யூட் பிரேக்கர் வேண்டாம். ஷார்ட் ஆன வயருக்கே மறுபடி மறுபடி கரண்ட் அனுப்பிக்கொண்டிருக்கும்.

20. எரிந்த ஃப்யூஸுக்குப் பதில் பெரிய ஃப்யூஸோ, கம்பித் துண்டோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளோ ஒருபோதும் வைக்காதீர்கள். காட்டு வழியில் நின்றுபோனால் அந்த எண்ணம் வருவது இயல்பு. அதைத் தவிர்க்க அதே அளவு ஃப்யூஸ் இரண்டை ஹோல்டர் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். இரண்டாவதும் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடிக்கும் வரை ஓட்டாதீர்கள்.

ரிலே, சுவிட்ச், பிரஷர் சுவிட்ச்

21. டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராகக் கம்ப்ரஸருக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குப் பச்சை பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கான்டாக்டர் இழுத்துக்கொண்டு பெரிய கரண்ட்டைச் சுமக்கிறதே, அதே வேலையை வண்டியில் ரிலே செய்கிறது. ரிலேயின் காயில் (காந்தச் சுருள்) 0.2 ஆம்பியர் அளவுதான் எடுக்கும். அதனால் ரிலேயை பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் வைத்துவிட்டு, கேபினுக்குள் 1 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயர் மட்டும் கொண்டுவந்தால் போதும். தடித்த வயர் எதுவும் உங்கள் காலடியில் வராது.

22. ரிலேயின் அடியில் பொறித்திருக்கும் எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 30: ஃப்யூஸ் வழியாகப் பேட்டரி பிளஸ். 87: கம்ப்ரஸர் பிளஸ். 86: சுவிட்ச்சிலிருந்து வரும் மெல்லிய வயர். 85: எர்த். ஐந்து பின் உள்ள ரிலேயில் 87ஏ என்று ஒன்று நடுவில் இருக்கும். அதில் ரிலே ஆஃபாக இருக்கும்போது கரண்ட் வரும் என்பதால் அதைத் தொடாதீர்கள். நான்கு பின் ரிலே வாங்கினால் குழப்பமே இல்லை. உள்ளே டையோடு உள்ள ரிலேயில் 86க்கு பிளஸ், 85க்கு மைனஸ் என்பதை மாற்றிக் கொடுத்தால் டையோடு எரிந்துவிடும்.

23. இரட்டை மோட்டாருக்கு ஒரு சாதாரண 40 ஆம்பியர் ரிலே தாங்காது. மோட்டாருக்கு ஒரு ரிலே, ஒரு ஃப்யூஸ் என்று தனித்தனியாகக் கொடுங்கள். ஒரு பக்கம் பழுதானாலும் மறு மோட்டாரை வைத்து மெதுவாகவாவது காற்று பிடித்து ஊர் திரும்பலாம். ரிலேயை மாட்டும்போது பின்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும்.

24. சுவிட்ச்சுக்கு வரும் கரண்ட் சாவி போட்டால் மட்டும் வருவதாக இருக்க வேண்டும். குழந்தை தெரியாமல் சுவிட்ச்சை அழுத்தினாலும், நீங்கள் மறந்துபோனாலும், இரவு முழுவதும் கம்ப்ரஸர் ஓடிப் பேட்டரி இறங்காது. கேபின் ஃப்யூஸ் பெட்டியில் செருகும் ஃப்யூஸ் டேப் (fuse tap) மூலம், 3 அல்லது 5 ஆம்பியர் ஃப்யூஸோடு எடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் ஃப்யூஸ்களில் கை வைக்காதீர்கள். கம்பெனி வயரை வெட்டி ஒட்டினால் வாரண்டியில் தகராறு வரும்; ஃப்யூஸ் டேப்பைப் பிடுங்கினால் வண்டி பழையபடி ஆகிவிடும்.

25. பிரஷர் சுவிட்ச்சை ரிலேயின் காயில் வழியில்தான் கோக்க வேண்டும். டாஷ்போர்டு சுவிட்ச், அடுத்து பிரஷர் சுவிட்ச், அடுத்து ரிலேயின் 86 என்று வரிசையாக வரட்டும். காற்று நிரம்பியதும் பிரஷர் சுவிட்ச் திறந்து ரிலேயை விடுவிக்கும், கம்ப்ரஸர் நிற்கும். 110 பிஎஸ்ஐயில் ஓடத் தொடங்கி 145இல் நிற்பது, 135இல் தொடங்கி 150இல் நிற்பது போன்ற அளவுகளில் கிடைக்கின்றன. பெரும்பாலான பிரஷர் சுவிட்ச்களின் கான்டாக்ட் 30 ஆம்பியர் தாங்காது. தடித்த வயரில் போட்டால் கருகி ஒட்டிக்கொண்டு கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும்.

26. காற்று டேங்க் வைத்தால் சேஃப்டி வால்வ் இல்லாமல் வைக்காதீர்கள். அது திறக்கும் அழுத்தம், பிரஷர் சுவிட்ச் நிற்கும் அளவைவிடச் சற்று அதிகமாகவும், டேங்கில் பொறித்த அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். அது அடிக்கடி ஊதுகிறதே என்று யாரும் அடைத்துவிடக் கூடாது. டேங்கின் அடியில் உள்ள வடிகால் திருகை மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள்.

எர்த்

27. ரப்பர் புஷ்ஷில் நிற்கும் கம்ப்ரஸருக்குப் பாடி வழியாக எர்த் கிடைக்காது. பிளஸ் வயர் எவ்வளவு தடிமனோ, மைனஸ் வயரும் அதே தடிமனில் தனியாகப் போக வேண்டும். பாடியில் எர்த் எடுத்தால், லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கும் இரும்பு தெரிய வையுங்கள். பல் உள்ள வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பெயின்ட்டின் மேலேயே லக்கை இறுக்கினால் அன்றைக்கு வேலை செய்யும். ஒரு மழைக்காலம் போனதும் துரு பிடித்து, அந்த இடம் சூடாகத் தொடங்கும்.

28. பேட்டரி மைனஸ் முனையில் சின்னப் பெட்டி போல சென்சர் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் கரண்ட்டை அது அளந்து சொல்லும். உங்கள் மைனஸ் வயரை நேராகப் பேட்டரி முனையில் இறுக்கினால், கம்ப்ரஸர் எடுக்கும் கரண்ட் அதன் கணக்கில் வராது. சென்சரைத் தாண்டி, கம்பெனி எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டில் இறுக்குங்கள்.

இணைப்பதும் சோதிப்பதும்

29. வேலை தொடங்குமுன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள். மோதிரம், கைச்சங்கிலி, உலோக வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பிளஸ் முனையில் இருக்கும் ஸ்பேனருக்கும் பாடிக்கும் இடையே மோதிரம் பட்டால், அது விரலோடு பழுத்துவிடும். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறை வயரோ தெரிந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது. அதை ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

30. சோதனையைப் படிப்படியாகச் செய்யுங்கள். முதலில் பெரிய ஃப்யூஸைப் போடாமல் சுவிட்ச்சைத் தட்டி, ரிலே "டக்" என்று இழுக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து ஃப்யூஸைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டு, ஒரு டயருக்குக் காற்று பிடியுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையைக் கம்ப்ரஸர் பிளஸ்ஸிலும் வையுங்கள். வரும் எண்தான் பிளஸ் பக்கம் வழியில் போகும் வோல்டேஜ். அதேபோல் கம்ப்ரஸர் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து இரண்டையும் கூட்டுங்கள். வயரோடு இணைப்புகளின் இழப்பும் சேர்ந்து 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. அதைத் தாண்டினால் லக், ஃப்யூஸ் ஹோல்டர், ரிலே, எர்த் என்று ஒவ்வொன்றாக அளந்து போங்கள். இழப்பு எங்கே என்று மீட்டரே காட்டிக் கொடுக்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, எல்லா இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது.

பயன்படுத்தும்போது

31. காற்று பிடிக்கும்போதெல்லாம் இன்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்து. இன்ஜினை நிறுத்திவிட்டு 30 ஆம்பியரில் 20 நிமிடம் ஓடினால் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர்-மணி போகிறது. பழைய பேட்டரி என்றால் அதன் பிறகு ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஆனால் மூடிய ஷெட்டுக்குள் இப்படி இன்ஜினை ஓடவிடாதீர்கள்; கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். கம்ப்ரஸர் ஓடும்போது அதன் மீட்டர் கூடுதலாகவே காட்டும். நிறுத்திவிட்டுத் தனி கேஜ் வைத்துப் பார்த்து, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடியுங்கள். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற பாதையில் நான்கு டயரிலும் சரியான காற்று இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

32. வயரிங் படத்தை ஒரு தாளில் வரைந்து, எந்த வயர் எங்கே போகிறது, ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று எழுதி, லேமினேட் செய்து பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். வழியில் உதவ வரும் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் குறையைக் கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் போல்ட்டுகளை இறுக்குங்கள், காற்று வடிகட்டியை மாற்றுங்கள், குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள், ஃப்யூஸ் ஹோல்டரைத் திறந்து பழுப்பேறியிருக்கிறதா என்று கவனியுங்கள். பழுப்பு தெரிந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது, அன்றே மாற்றிவிடுங்கள். பானெட்டுக்குள் கைவைக்கத் தயக்கமாக இருந்தால் அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். ஆனால் வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், ஃப்யூஸ் எங்கே வைக்கிறார், எர்த் எங்கே எடுக்கிறார் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் சரியாக வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.